திட்டில் இறங்காத ஆடி அமாவாசை

3 ஜூன் 2008, செவ்வாய்

அபுதாபி மிர்ஃபாவில் இன்று நாற்பத்தைந்து டிகிரி என்று ரேடியோவில் சொன்னார்கள். என் அடுப்படியில் எத்தனை என்று எந்த ரேடியோவும் சொல்லாது. என் மெஸ்ஸில் சாப்பிடும் பையன்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அம்மா போன். ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள். போன கார்த்திகையில் போன மனுஷனுக்கு இதுதான் முதல் ஆடி.

"ஆம்பளப் புள்ள இல்லாத வீடு. உங்கப்பா பசியோட அலைவாரு ஆத்தா. நீயாச்சும் ஒரு வாய் வையி."

வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்தப் பறவைக்கு வைப்பது? எங்கள் தெருவில் காக்காய் கிடையாது. பால்கனிக்கு வருவது புறாவும் மைனாவும்தான். புறாவைப் பார்த்து அப்பா என்று கூப்பிட எனக்கு வாய் வராது.

6 ஜூன், வெள்ளி

மன்றக் கூட்டம். சேதுராமன் சார்தான் தமிழ் மன்றத் தலைவர். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கம்பெனியில் மேனேஜரும் அவர்தான், அதனால் அவர் பேசும்போது இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார்.

இந்த ஆடி அமாவாசை வெள்ளிக்கிழமை வருகிறதாம். எல்லோருக்கும் லீவு. படகு பிடித்துக் கடலுக்குள் இருக்கிற மணல் திட்டுக்குப் போய்த் திதி கொடுக்கலாம் என்றார். அங்கே கறுத்த கடல்காக்காய் நிறைய இருக்கிறதாம், அசல் நம் ஊர்க் காக்காய் நிறம். சோற்றைப் பார்த்தால் விடாதாம். ஆண்கள் எள்ளும் தண்ணீரும் விட்டுச் சோறு வைப்பார்கள். பெண்கள் சமைத்துக் கொடுத்தால் போதும்.

நான் எழுந்து, "எங்கப்பாவுக்கு நான்தான் வைப்பேன், நானும் வர்றேன்" என்றேன்.

"லேடீஸ் வைக்கிற பழக்கம் இல்லையேம்மா."

"ஊர்ல உங்க வீட்டுல தினம் காக்காய்க்கு வைக்கிறது யார் சார்?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சார் தண்ணீர் குடித்துவிட்டு, "பாக்கலாம்" என்றார். பார்க்கட்டும். நானும் பார்க்கிறேன்.

வீட்டு வாசல் வரைக்கும் இவர் பொறுத்தார். கதவைத் திறக்கும்போது, "உனக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்றார். வாய் இருப்பதனால்தானே தூக்கிக்கொண்டு போகவில்லை?

20 ஜூன், வெள்ளி

அடுத்த வாரம் இடம் பார்க்கப் போகிறார்கள். என் பெயரும் இருக்கிறது. அரிசியோடு எள்ளும் வாங்கி வைத்துவிட்டேன். சும்மா இடம் பார்க்கத்தான், இருந்தாலும் ஒரு பிடி வைத்துப் பார்த்தால் என்ன?

27 ஜூன், வெள்ளி

எழுதாமல் இருந்தால் தூக்கம் வராது. எழுதுகிறேன்.

விடிந்ததும் கிளம்பினோம். படகு ஓட்டுவது ஆல்டோ, கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். ஒரு அரபியின் படகு. ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பெண்ணென்று நான் ஒருத்தி. திட்டு தொலைவில் வெள்ளைத் துணி காயப் போட்ட மாதிரி தெரிந்தது. கிட்டப் போனால் துணி இல்லை, பறவை. எல்லாம் ஆலா. தலையில் எண்ணெய் வைக்காத பரட்டை முடி, மஞ்சள் மூக்கு. மணல் தெரியாமல் உட்கார்ந்திருந்தன.

இறங்குகிற இடத்தில் ஒரு பலகை. வெயிலில் எழுத்து உதிர்ந்துபோய்ப் படம் மட்டும்: ஒரு பறவை, பக்கத்தில் குறுக்குக் கோடு போட்ட ஒரு செருப்புக் கால். சார் சொன்னார், "இது வேட்டைக்கு வர்றவங்களுக்கு. நாம புண்ணியத்துக்கு வந்திருக்கோம்." நானும் தலையாட்டினேன். ஆமாம், நானும்தான்.

நாங்கள் நடக்க நடக்க ஆலாக்கள் மொத்தமாக எழும்பின. என்ன சத்தம்! ஒன்று வந்து என் தலையில் கொத்தியது. வரவேற்கிறதாக்கும் என்று ஒருவர் சிரித்தார். நான் ஓரமாக உட்கார்ந்து இலையை விரித்து எள்ளுச் சோற்றை உருட்டி வைத்தேன். வைத்த கை எடுக்கவில்லை, ஒரு கறுத்த கடல்காக்காய் வந்து நின்றது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. அப்பாவும் அப்படித்தான் பார்ப்பார், கண்ணாடி போடாதபோது. ஒரு உருண்டையை எடுத்து விழுங்கியது. எனக்குக் கண் மறைத்துவிட்டது. அப்பா, சாப்பிடுங்கப்பா என்று வாய்விட்டே சொன்னேன்.

இரண்டாவது உருண்டையை அது தொடவில்லை. ரெண்டு எட்டு நடந்தது. என் செருப்புப் பக்கத்தில் மணல் அசைந்தது, நான் மணல் என்றுதான் நினைத்தேன். அது குஞ்சு. மணல் நிறத்தில், உள்ளங்கை அளவு. கடல்காக்காய் அதை அப்படியே கொத்தித் தூக்கி, நான் பார்க்கப் பார்க்க, தலையை அண்ணாந்து — கால் ரெண்டும் வாய்க்கு வெளியே ஆடிச்சு.

அதுக்குள்ள இன்னும் பத்து வந்துருச்சு. எல்லாம் என் சோத்துக்கு வந்தது. சோறு தீந்ததும் குஞ்சு, முட்டை, எதையும் விடல. தாய்ப்பறவைங்க எல்லாம் மேல கத்திக்கிட்டு நிக்குது, நாங்க நிக்கிறதால எறங்க முடியல. நான் கத்தினேன், கையை வீசினேன், செருப்பை எறிஞ்சேன். ஒண்ணும் நகரல. சார் தூரத்துலருந்து, "பாத்தீங்களா, எப்படி சாப்பிடுதுன்னு" அப்படிங்கிறாரு. சந்தோஷமா.

எங்கப்பாவா அது?

28 ஜூன்

மெஸ் சமையல் உண்டு. நான் சாப்பிடவில்லை.

1 ஜூலை, செவ்வாய்

கீழ் வீட்டு ஜுபைதாவிடம் சொன்னேன். கீழக்கரைக்காரி, ருவைஸ் பள்ளிக்கூடத்தில் டீச்சர். லீவுக்கு இன்னும் ஊருக்குப் போகவில்லை. எதைச் சொன்னாலும் ஆறுதல் சொல்லத் தெரியாது, அதனால்தான் அவளிடம் போனேன்.

"அந்தத் தாய்ப்பறவ மேல நிக்கிறது குஞ்சுக்கு நெழலு. நீங்க கெளப்பி விட்டீங்க, நெழலு போச்சு. அந்த மணல்ல முட்டைய வச்சா என்னவாகும், நீ சமைக்கிறவதானே? கடல்காக்கா தின்னது பாதிதான் பானு."

பள்ளிக்கூட நூலகத்திலிருந்து எடுத்து வைத்திருந்த பறவைப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஆலாக் குஞ்சு ஆகஸ்டு வரைக்கும் சரியாகப் பறக்காது. செப்டம்பரில் திட்டையே விட்டுப் போய்விடுமாம்.

"அப்ப போய்ப் பாக்கவே கூடாதா?" என்று கேட்டேன்.

"தள்ளி நின்னு பாரேன். ஆஸ்பத்திரில பிள்ள பெத்தவளப் பாக்கப் போறோம், கட்டில்ல ஏறியா உக்காருறோம்?"

ஆடி அமாவாசையான ஆகஸ்டு ஒன்றாம் தேதி இரண்டு படகு நிறைய ஆட்கள், கையில் இலையும் சோறுமாக. நான் மட்டும் போகாமலிருந்தால் போதுமா? இல்லை, போதாது. ஒருத்தரும் இறங்கக் கூடாது.

4 ஜூலை, வெள்ளி

சார் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். மாதுளைச் சாறு கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "எல்லாம் இயற்கைம்மா. ஒண்ணு ஒண்ணைத் தின்னுதான் ஆகணும்" என்றார்.

"தின்னட்டும் சார். நாம ஏன் பந்தி வச்சுக் கூப்பிடணும்?"

"பித்ருக்கள் பசியோட இருந்தா குடும்பத்துக்கு ஆகாது."

எனக்கு அப்போதுதான் அப்பா ஞாபகம் சரியாக வந்தது. எங்கள் அப்பா மாயாண்டி, பாதி நாள் வேலை கிடைக்கும், பாதி நாள் கிடைக்காது. ஆனால் தட்டு முன்னால் வந்தால் முதலில் கேட்பது, "பிள்ளைக சாப்பிட்டாச்சா?" நான் சாப்பிட்டேன் என்றாலும் போதாது. வாசலில் விளையாடுகிற பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கேட்பார். பிள்ளைக்கு முன்னால் அவர் ஒரு வாய் வைத்து நான் பார்த்ததில்லை. அந்த மனுஷன் பிள்ளையையே தின்பாரா?

இதை சாரிடம் சொன்னேன். "எங்கப்பா அந்த இலையைத் தொடமாட்டார் சார். உங்கப்பா எப்படின்னு எனக்குத் தெரியாது."

சாறு மிச்சமிருந்தது. குடிக்காமல் வந்துவிட்டேன்.

5 ஜூலை

இவருக்கு ஆபீஸில் டோஸ். வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார். "பறவைக்காக என் வேலையில மண்ணைப் போடுறியா? நாளைக்கு விசாவை கேன்சல் பண்ணினா உன் ஆலா வந்து சோறு போடுமா?" அவர் பயம் பொய்யில்லை. ஆனால் அவர் பயத்துக்கு நான் பயப்படுவதா?

11 ஜூலை, வெள்ளி

படகுத் துறையில் ஆல்டோவைப் பார்த்தேன். நீங்களாவது இறக்கிவிட மாட்டேன் என்று சொல்லக் கூடாதா என்றேன்.

"அக்கா, எனக்க கஃபீலு, அந்தப் படகுக்கார அரபிக்கு, டிரிப்பு போனா போதும். நான் மாட்டேன்னா வேற ஆளு வருவான். நீங்க ஏற்கெனவே எவனோ சட்டம் போட்ட மாதிரி பேசுதிய. போய் அதிகாரிக்கிட்ட சொல்லுங்களேன்."

"சொன்னா முதல்ல மாட்டுறது யாரு?"

வலையைப் பார்த்துக்கொண்டு, "நான்தான்" என்றார்.

அப்படியென்றால் அது வேண்டாம். ஊரான் வயிற்றில் அடித்து நான் புண்ணியம் தேடவேண்டியதில்லை. வேறு வழி இருக்கும். யாரும் இறங்காமல், யாரும் மாட்டாமல்.

15 ஜூலை

இன்று சோறு வடிக்கும்போது தோன்றியது. இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்தப் புத்தி? கஞ்சி கையில் கொட்டியும் வலிக்கவில்லை.

18 ஜூலை, வெள்ளி

மன்றக் கூட்டம். சமையல் பொறுப்பைப் பிரித்தார்கள். பெரும்பாலான வீட்டுப் பெண்கள் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். அதனால் சோறு, சாம்பார், பூசணிக்காய், வாழைக்காய், வடை, பாயசம், எல்லாமே வழக்கம்போல "நம்ம பானும்மா மெஸ்".

நான் எழுந்து நின்றேன்.

"திட்டுல இறங்கறதா இருந்தா நான் சமைக்க மாட்டேன். படகுலயே இருந்து எள்ளுத் தண்ணி விட்டுட்டு, கரைக்கு வந்து சாப்பிடறதா இருந்தா எத்தனை பேருக்கு வேணும்னாலும் சமைக்கிறேன். ஒரு பருக்கை கடல்ல விழக் கூடாது."

சார் சிரித்தார். "சோறு உங்க வீட்டுல மட்டும்தான் வேகுமா? ஹோட்டல்ல சொல்லிக்கிறோம்."

"தாராளமா சொல்லுங்க சார்."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து காரில் ஏறியதும் கேட்டார், "ஹோட்டல்ல சொன்னா என்ன பண்ணுவ?" நான் சொன்னேன், "அமாவாசைக்கு எவன் ஹோட்டல் சோத்தை அப்பனுக்கு வைப்பான்?" இவர் வண்டியை எடுத்தார். உதட்டோரம் என்னவோ வந்து போனது. சிரிப்பென்று நான் சொல்லமாட்டேன்.

22 ஜூலை

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "பெத்தவனுக்குச் சோறு வைக்காதவ எம்மவ இல்ல" என்று போனை வைத்துவிட்டாள்.

அழுதேன். அழுதுவிட்டு வாழைக்காய்க்குச் சொல்லி வைத்தேன். என்ன நம்பிக்கையோ.

26 ஜூலை, சனி

மெஸ் பையன்கள் நான்கைந்து பேர் டிபன் கேரியரைக் கொடுக்க வந்தவர்கள் போகாமல் நின்றார்கள். எல்லோரும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம். அதில் விமல் என்பவன் மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, சார் மலபார் ஹோட்டல்ல பார்சல் சொல்லிட்டாரு."

"நல்லது. சாப்பிடுங்க."

"அதே சட்டியிலதான் மாட்டுக்கறியும் மீனும் ஆக்குறாங்க. வெங்காயம் பூண்டு இல்லாம அவங்களுக்குச் சமைக்கவே தெரியாதாம். எங்க அய்யா செத்தும் விரதம் காக்குறவரு. அதை எப்படிக்கா வைக்கிறது?"

நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே இருந்தேன். முகத்தைக் காட்டினால் சிரித்துவிடுவேன்.

"நாங்க இறங்கலக்கா. படகுலயே இருக்கோம். சோறு மட்டும் நீங்க ஆக்குங்க."

"யார் யாரு?"

"எல்லாருந்தான். நாங்க தங்குற கேம்ப்புல பேசிட்டோம். சார்கிட்ட யாரு சொல்றதுன்னுதான் தெரியல."

"அதை நான் சொல்றேன்" என்றேன். அதைச் சொல்லத்தானே இந்த வாயைப் பெற்றுவைத்திருக்கிறார்கள்.

28 ஜூலை

சொல்லிவிட்டேன். சார், "அப்ப நான் வரல" என்றார். "உங்க இஷ்டம் சார்" என்றேன். போனை வைக்கும் முன்னால், "உங்க வீட்டுக்காரர் விஜயபாஸ்கருக்கு சைட் மாத்தவேண்டி வரலாம்மா, சொல்லி வைங்க" என்றார். சொல்லி வைத்தேன். இவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம்.

1 ஆகஸ்டு, வெள்ளி. ஆடி அமாவாசை

சமையலை முடித்து எல்லாவற்றையும் துறையிலேயே ஜுபைதா பொறுப்பில் வைத்துவிட்டுப் போனோம். "உங்க அப்பன்மாருக்கு நான் காவலா" என்றாள். படகில் சோறு ஏற்றக் கூடாது என்பது சட்டம். என் சட்டம்தான். ஆனால் ஒரு சின்ன டப்பாவில் அப்பாவுக்கென்று ஒரு பிடி நான் எடுத்துக்கொண்டேன். மூடியை ரப்பர் பாண்டு போட்டு இறுக்கினேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கிளம்பும்போது இவரும் வந்து படகில் ஏறினார். நகர்ந்து இடம் விட்டேன்.

ஆல்டோ தொலைவிலேயே இஞ்சினை நிறுத்தினார், பின்னால் வந்த படகும் நின்றது. "இதுக்கு மேல போனா அதுங்க எந்திரிக்கும்" என்று அவராகவே சொன்னார். ஆண்கள் படகு ஓரமாக முட்டி போட்டு எள்ளுத் தண்ணீர் விட்டார்கள். விமல் அழுதான். பிறகு ஜுபைதா கொடுத்த பைனாகுலரைக் கை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

இந்தத் தடவை ஒரு பறவையும் எழும்பவில்லை. குஞ்சுகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பறந்து போயிருந்தன. மிச்சமிருந்த குஞ்சுகள் தண்ணீரோரம் கூட்டமாக நின்றன, போன தடவை பார்த்ததைவிடப் பெரியதாக, ஆனால் இறகு இன்னும் குட்டை. ஒரு ஆலா மீனோடு வந்து இறங்கியது. அத்தனை குஞ்சில் தன் குஞ்சை எப்படித்தான் கண்டுபிடித்ததோ, நேராகப் போய் வாயில் கொடுத்தது. குஞ்சுக்கு மீன் பெரிது. வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, முழுங்க முடியாமல் திணறி, கடைசியில் முழுங்கியது. எல்லோரும் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடல்காக்காய் இரண்டு ஓரமாகத்தான் நின்றன. தாய்கள் விடவில்லை.

டப்பா என் மடியிலேயே இருந்தது. திறக்கவில்லை. பிள்ளைகள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை அப்பா. கொஞ்சம் பொறுங்கள்.

கரைக்கு வந்து எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். டப்பாச் சோற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே தின்றேன். எள் வாசனை.

12 ஆகஸ்டு, செவ்வாய்

ஆர்டர் வந்துவிட்டது. இவருக்கு அல் ஐன் சைட். மாதக் கடைசிக்குள் அங்கே போகவேண்டும். கடலில்லாத ஊர், பாலைவனத்துக்கு நடுவில். என் மெஸ் போயிற்று. இத்தனை வருஷமாகச் சேர்த்த பையன்களும் போனார்கள்.

சார் போன் பண்ணி வருத்தம் தெரிவித்தார். "கம்பெனி முடிவும்மா, நம்ம கையில இல்ல." ஆமாம் சார், இயற்கை. ஒண்ணு ஒண்ணைத் தின்னுதான் ஆகணும். இதை வாயால் சொல்லியே விட்டேன். வருத்தமில்லை.

இவர் பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டே, "அங்க கடல் கிடையாது. ஒட்டகத்துக்குச் சண்டை போடுவியா?" என்றார். அதற்கென்ன, தேவைப்பட்டால் போடுவேன். கோபமாகத்தான் இருக்கிறாரா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை.

28 ஆகஸ்டு

அல் ஐனில் ஒற்றை அறை. சமையலறையில் ஜன்னல் இல்லை. கோபம் கோபமாக வருகிறது, பாத்திரம்தான் அடி வாங்குகிறது. திரும்பவும் அந்தக் கூட்டத்தில் நிறுத்தினால் அதையேதான் சொல்வேன்.

14 செப்டம்பர்

அம்மா போன். ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குப் பிறகு. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "மகாளயத்துக்காவது வைப்பியா?" என்றாள். "திட்டு காலியானா வைப்பேன்." "உங்கப்பனுக்கும் அந்தத் திட்டுக்கும் என்னாடி?" சொன்னேன், எல்லாவற்றையும், குஞ்சுக் காலிலிருந்து அப்பாவின் தட்டு வரைக்கும். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "ரசம் வையி. அவருக்கு ரசம் இல்லாம எறங்காது" என்றாள்.

29 செப்டம்பர் 2008, திங்கள். மகாளய அமாவாசை

பிறை தெரிந்தால் நாளை ரம்ஜான் பெருநாள், அதனால் இவருக்கு லீவு. காலையிலேயே ஆல்டோ போன் பண்ணினார். மீன்பிடிக்கப் போனவர் திட்டுப் பக்கமாக வந்தாராம். நான் கேட்டு வைத்திருந்ததை மறக்கவில்லை.

"திட்டு காலி அக்கா. ஒரு ஆலா இல்ல. குஞ்சு எல்லாம் பறந்தாச்சு. நான் எறங்கல, தள்ளி நின்னுதான் பாத்தேன்."

சோறு வடித்தேன். ரசம் வைத்தேன். எள் சேர்த்து உருட்டி, இலையோடு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். இவர் தண்ணீர்ச் செம்போடு பின்னால் நின்றார்.

பிள்ளைகள் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள் அப்பா. நீங்கள் சாப்பிடுங்கள்.

கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் இறங்கி உட்கார்ந்துகொண்டோம். மேலே இறகடிக்கிற சத்தம் கேட்டது. என்ன பறவை என்று எட்டிப் பார்க்க இவர் எழுந்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.